வியாபாரம் படுத்திருக்கும் நேரத்தில் பி.பி.எம்.முக்கு 10 லட்சம் ரேண்ட் போடுவதா?

டர்பன்_பருப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு கம்பெனியில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். பருப்பும் மசாலா சாமானும் கன்டெய்னரில் இறக்கி, பாக்கெட் போட்டு, சூப்பர்மார்க்கெட்டுகளுக்கும் டவுன்ஷிப் கடைகளுக்கும் கொடுக்கிற வியாபாரம். மொத்தம் 74 பேர். நான் திருச்சியிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, முதலாளி வீட்டார் நான்கு தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள்.

நிலைமை இதுதான். மாத விற்பனை 60 லட்சம் ரேண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, போன வருஷத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. 30 நாளில் பணம் தர வேண்டிய கடைகள் சராசரியாக 63 நாளில் தருகின்றன. 2023 மே மாதம் பிரைம் வட்டி (வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி) 11.75 சதவீதத்துக்கு ஏறியபோது ஓவர்டிராஃப்டில் விழுந்தவர்கள் நாங்கள், அதற்குப் பிறகு வட்டி இறங்கியும் இன்னும் கரையேறவில்லை. அந்த வருஷக் கடைசியில் டர்பன் துறைமுகத்தில் கப்பல்கள் வெளியே வரிசையாக நின்றது ஞாபகம் இருக்கும், எங்கள் கன்டெய்னர்களும் அதில்தான் மாட்டின, அந்தக் கடனின் வால் இன்னும் தொங்குகிறது.

போன வாரம் ஒரு வெண்டர் வந்து பி.பி.எம். மென்பொருள் ஒன்றைக் காட்டினார், அதாவது கம்பெனிக்குள் வேலை ஒவ்வொரு கையாகப் போகும் வழியைக் கண்காணித்து நடத்துவது. ஆர்டர் வருவதிலிருந்து பணம் வரும்வரை எல்லாம் ஒரே திரையில், எந்த வேலை யாரிடம் எத்தனை நாள் கிடக்கிறது என்று சிவப்பு, மஞ்சள், பச்சையில் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. விலை: 40 பேருக்கு, ஆளுக்கு மாதம் 45 டாலர். டாலரை 18 ரேண்ட் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 3,88,800 ரேண்ட். நிறுவித் தர 6,50,000 தனி. முதல் வருஷம் மட்டும் பத்து லட்சத்து சொச்சம்.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "மழை கொட்டும்போது யாராவது கூரையைப் பிரிப்பார்களா?" நான், "ஒழுகுவது மழையில்தானே தெரிகிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் பேசிவிட்டது, இப்போது கணக்குக் காட்ட வேண்டும். மந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் இந்த மாதிரி விஷயத்தில் பணம் போடுகிறார்களா, நிறுத்திவிடுகிறார்களா? போட்டால் எதில் முதலில்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வெண்டர்கள் தயவுசெய்து உள்பெட்டியில் வர வேண்டாம்.

லெனேஷியா_அக்கா எழுதியது:

தம்பி, நான் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு வங்கியில் 2007-லிருந்து பிராசஸ் பிரிவில்தான் இருக்கிறேன், அதனால் இரண்டு பெரிய சரிவுகளை உள்ளேயிருந்து பார்த்தவள். பணம் போடுகிறார்களா நிறுத்துகிறார்களா என்றால் இரண்டும்தான், ஆனால் வரிசையாக. முதலில் கைக்குக் கிடைத்த எல்லா பிராஜெக்டையும் நிறுத்துவார்கள், நல்லது கெட்டது என்று பார்க்க மாட்டார்கள். ஆறேழு மாதம் கழித்து அதே நிதி இயக்குநர் திரும்பி வந்து, "ஆள் குறைந்துவிட்டது, வேலை குறையவில்லை, என்ன செய்யலாம்?" என்பார். அப்போது பணம் வரும். ஆனால் அது வேறு மாதிரிப் பணம். நல்ல காலத்தில் மூன்று வருஷத் திட்டம், முழு கம்பெனிக்கும் ஒரே மேடை என்றெல்லாம் பேசுவோம். கெட்ட காலத்தில் ஒரே ஒரு பிராசஸ், ஒரு காலாண்டுக்குள் பலன், அவ்வளவுதான் கையெழுத்தாகும்.

எங்கள் இடத்தில் 2020 லாக்டவுனில் நடந்ததைச் சொல்கிறேன். கடன் தவணையைத் தள்ளிப்போடச் சொல்லி வாடிக்கையாளர்கள் வெள்ளமாக வந்தார்கள். இரண்டு வருஷமாக வரைபடம் வரைந்துகொண்டிருந்த பெரிய பிராஜெக்டை ஏப்ரலில் மூடிவிட்டு, அதே டீமில் ஐந்து பேரை எடுத்து, ஒரு படிவம், இரண்டு ஒப்புதல், ஒரு எஸ்.எம்.எஸ். என்று ஒன்பது நாளில் ஒன்றைக் கட்டினோம். அசிங்கமாகத்தான் இருந்தது. ஓடியது. பெரிய பிராஜெக்ட் திரும்ப உயிர்பெறவே இல்லை, அதற்காக யாரும் அழவும் இல்லை (நான் கொஞ்சம் அழுதேன், வரைபடம் பாதி என்னுடையது).

இன்னொன்று, வெண்டர் உங்களிடம் சொல்லாதது. மந்தக் காலத்தில் இந்த மென்பொருளை விற்கிற கம்பெனிகளே விலைபோகும். 2009-ல் ஐ.டி.எஸ். ஷியரை சாஃப்ட்வேர் ஏஜி வாங்கியது. லொம்பார்டியை வாங்குவதாக அதே வருஷ டிசம்பரில் ஐ.பி.எம். அறிவித்தது. 2010 ஜனவரியில் சாவியனை புராகிரஸ் எடுத்துக்கொண்டது. 2020 மே மாதம், கொரோனா நடுவிலேயே, மைக்ரோசாஃப்ட் சாஃப்டோமோட்டிவை வாங்கியது, 2021-ல் எஸ்.ஏ.பி. சிக்னாவியோவை வாங்கியது. வாங்கிய பெரிய மீன் விலைப்பட்டியலை மாற்றும், பழைய பெயரை எடுக்கும், சில நாளில் "புதிய மேடைக்கு மாறுங்கள்" என்று கடிதம் வரும். அதனால் மூன்று வருஷ ஒப்பந்தத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றால் மயங்காதீர்கள். வருஷா வருஷம் புதுப்பிப்பது, வெளியேறினால் நம் டேட்டாவை நம் கையில் கொடுப்பது, இந்த இரண்டும் எழுத்தில் வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கு. மாதம் 60 லட்சம் என்றால் ஒரு நாளுக்கு 2 லட்சம். 63 நாளை 53 ஆக்கினால் 20 லட்சம் ரேண்ட் கைக்கு வரும், ஆனால் அது ஒரு தடவை வருவது. அதனால் வருஷா வருஷம் மிச்சமாவது ஓவர்டிராஃப்ட் வட்டி மட்டும்தான், 11 சதவீதம் என்று வைத்தால் 2,20,000. லைசென்ஸ் மட்டுமே 3,88,800! வட்டியைக் காட்டி முதலாளியிடம் போனால் அவர் பேனாவை எடுத்து அங்கேயே அடித்துவிடுவார். ஆகவே வேறு ஓட்டையைத் தேடுங்கள். கடைக்காரர்கள் குறைவாக வந்தது, உடைந்து வந்தது என்று பணத்தில் பிடித்துக்கொள்ளும் கிளெய்ம் மாதம் எவ்வளவு? அதில் எதிர்த்துக் கேட்க முடியாமல் நஷ்டம் என்று எழுதித் தள்ளுவது எவ்வளவு? அந்த எண்ணைக் கொண்டுவாருங்கள், பிறகு பேசலாம்.

மாரிட்ஸ்பர்க்_தோல் எழுதியது:

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் 26 வருஷம் பிளானிங்கில் இருந்து ஓய்வு பெற்றவன். என் தமிழ் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளித் தமிழ், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனால் ஆளைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் தொழிற்சாலையில் சீனச் செருப்பு வந்து அடித்துக்கொண்டிருந்த காலத்தில் நிர்வாகம் இப்படித்தான் ஒரு சிஸ்டம் வாங்கியது. ஆலோசகர் இரண்டு பேர் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்து ஒவ்வொருவரையும் உட்காரவைத்து "உங்கள் வேலை என்ன, எத்தனை நிமிஷம்" என்று கேட்டார்கள். அதே மாதம் 189-வது பிரிவு நோட்டீஸ் வந்தது. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், ஆட்குறைப்பு யோசனை வந்தாலே ஊழியர்களோடு கலந்து பேச வேண்டும் என்கிற தொழிலாளர் உறவுச் சட்டப் பிரிவு அது. சரி, அப்புறம் யார் வாயைத் திறப்பான்?

ஸ்டோரில் ஒருவர் இருந்தார். எந்தத் தோல் எந்த டேனரியிலிருந்து (தோல் பதனிடும் ஆலை) வந்தால் எத்தனை சதவீதம் கழிவு போகும் என்பது அவருடைய கறுப்பு அட்டை நோட்டில்தான் இருந்தது, வேறு எங்கும் இல்லை. அவரிடம் கேட்டபோது, "கம்ப்யூட்டரில் இருக்கிறபடிதான் சார்" என்று சொல்லிவிட்டு நோட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் சொன்னதை வைத்து வரைந்த வரைபடத்தைச் சுவர் அகலத்துக்கு அச்சடித்து லேமினேட் செய்து மாட்டினார்கள். அதன் அடியில்தான் அவருடைய மேசை. மூன்று மாதம் சிஸ்டம் தப்பான அளவில் தோல் வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தது, இவர் நோட்டைப் பார்த்துச் சரியாக வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவரையும் அனுப்பிவிட்டார்கள். நோட்டு அவரோடு வீட்டுக்குப் போனது.

தம்பி, உங்கள் கம்பெனியில் 74 பேர் என்கிறீர்கள். 50 பேருக்கு மேல் 200 பேர் வரை இருக்கிற இடத்தில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலையிலிருந்து எடுப்பது என்றால் 189-ஏ, அது 60 நாள் சமாச்சாரம். முதலாளி மனசில் அந்த எண்ணம் இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் இந்த சிஸ்டத்தை இப்போது தொடாதீர்கள், இரண்டும் ஒரே மூட்டையாகத்தான் ஆட்களுக்குத் தெரியும். இல்லை என்றால் அதை அவர் வாயாலேயே எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லச் செய்யுங்கள். ஈமெயில் போதாது.

இன்னொன்று, 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது என் மருமகன் வேலை பார்த்த இடத்தில் எல்லாம் கிளவுடில் வைத்திருந்தார்கள். மின்சாரம் போனால் சிறிது நேரத்தில் டவரும் போகும். கார்பன் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒரு கிழவர்தான் அந்த வருஷம் டிஸ்பேட்சை ஓட்டினார். இப்போது மின்சாரம் பரவாயில்லை. ஆனாலும் கார்பன் புத்தகத்தை வைத்திருங்கள்.

உம்ஃலாங்கா_கோடர் எழுதியது:

ஐயா சொன்ன கறுப்பு நோட்டுக் கதையை என் டீம் முழுக்க அனுப்பிவிட்டேன் 🙂

நான் இந்த மென்பொருளைக் கட்டுகிற பக்கம், எதையும் விற்கிறவன் இல்லை. 40 லைசென்ஸ் எதற்கு? டிரைவர், பேக்கிங் ஆட்கள் எல்லாம் உள்ளே நுழையவே மாட்டார்கள், ஒரு போட்டோ அனுப்பினால் போதும். ஒப்புதல் கொடுப்பவர், கிளெய்ம் பார்ப்பவர் என்று எண்ணினால் ஆறேழு பேர் வருவார்கள். வெண்டரிடம் இதைச் சொன்னாலே விலை உடையும்.

அப்புறம், உங்கள் ஆபீசில் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் சந்தா இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அதற்குள்ளேயே பவர் ஆட்டோமேட்டின் அடிப்படை வசதி இருக்கிறது: படிவம் வந்தால் ஒருவருக்கு ஒப்புதல் அனுப்பு, இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் மேலே தள்ளு, எக்செலில் ஒரு வரி சேர். கிளெய்முக்கு இது தாராளம். ஆனால் உங்கள் அக்கவுன்டிங் பேக்கேஜோடு நேராக இணைக்கப் போனால் பிரீமியம் கனெக்டர் என்று தனிக் காசு கேட்கலாம், அதை முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

இதே வேலைக்கு இலவசமாக எடுத்து ஓட்டுகிற மென்பொருள்களும் உண்டு. யாராவது "ஓப்பன் சோர்ஸ் இருக்கிறதே, காமுண்டாவைப் போடு" என்பார்கள், அதனால் முன்கூட்டியே: காமுண்டா 7-இன் இலவசப் பதிப்புக்குக் கடைசி வெளியீடு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. காமுண்டா 8-ஐ 8.6-லிருந்து உண்மையான வேலைக்கு ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஃப்ளோவபிள் இருக்கிறது, ஆக்டிவிட்டி என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளிலிருந்து 2016-ல் பிரிந்து வந்தவர்கள் செய்தது, நல்ல சரக்குதான். ஆனால் ஜாவா தெரிந்த ஒரு ஆள் உங்களிடம் இருக்க வேண்டும், சர்வர் பார்க்க வேண்டும், அப்டேட் போட வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், இந்த மாட்டுக்குப் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும், தீனி உங்கள் தலையில்.

வரைவதாக இருந்தால் பி.பி.எம்.என். குறியீட்டில் வரையுங்கள், வேலை போகும் வழியைப் படமாகக் காட்டுகிற பொதுக் குறியீடு அது. 2011-லிருந்து அதே 2.0 பதிப்புதான் ஓடுகிறது, ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆகிவிட்டது. நாளைக்கு எந்த மென்பொருளுக்குப் போனாலும் படமாவது கூட வரும். அதற்குள் எழுதிய விதிகளும் இணைப்புகளும் கூட வராது, அதுதான் வெண்டர் நம்மைக் கட்டிவைக்கிற கயிறு. அதையும் ஒரே ஒரு பக்கத்துக்குள் வரையுங்கள், சுவர் அளவு வேண்டாம் (ஐயாவுக்கு வணக்கம்).

டர்பன்_பருப்பு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அக்கா கேட்ட எண்ணை எடுக்கவே நான்கு நாள் ஆனது, ஏனென்றால் அது எங்கேயும் ஒரே இடத்தில் இல்லை. டெப்டர்ஸ் (கடைகளிலிருந்து வரவேண்டிய பாக்கிக் கணக்கு) பார்க்கும் அம்மாவும் நானும் உட்கார்ந்து ஆறு மாதக் கிரெடிட் நோட்டை (கடைக்குக் கழித்துக் கொடுத்ததற்கான சீட்டு) பிரித்தோம். கடைக்காரர் பிடித்துக்கொண்டு, நாங்கள் ஆதாரம் இல்லாமல் விட்டுக்கொடுத்தது விற்பனையில் ஒன்றரை சதவீதம். அதாவது மாதம் 90,000 ரேண்ட். வருஷத்துக்கு 10,80,000. அந்தக் காகிதத்தை முதலாளியிடம் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

ஐயா சொன்னதையும் கேட்டேன். ஆட்குறைப்பு எண்ணம் இல்லை, ஓவர்டைம் மட்டும் நிறுத்துவதாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டி அவரே சொன்னார். ஜூலு மொழியிலும் சொன்னார், அது எனக்கே ஆச்சரியம்.

பிறகு ஒரே ஒரு கிளெய்மைப் பிடித்து அது போன வழியிலேயே நானும் போய்ப் பார்த்தேன். 14 மூட்டை கடலைப்பருப்பு குறைவு என்று பீனிக்ஸ் பக்கம் ஒரு கடை பிடித்துக்கொண்டது. கிடங்கிலிருந்து போனது சரியாகப் போயிருக்கிறது. கடையில் இறக்கியவுடன் அவர்கள் ஜி.ஆர்.வி. (சரக்கு வந்து சேர்ந்ததற்கான சீட்டு) முத்திரை குத்தித் தருவார்கள், அந்தத் தாள் இருந்தால் கடைக்காரர் ஒரு வார்த்தை பேச முடியாது. தாள் எங்கே? டிரைவரோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கேட்டேன். (இங்கே பக்கி என்றால் வண்டி, நம் ஊரில் பாக்கி என்றால் வரவேண்டிய காசு. எங்கள் பாக்கி முழுக்கப் பக்கிக்குள்தான் இருந்திருக்கிறது.) அவர் கபிஹோலை, அதாவது டாஷ்போர்டில் இருக்கும் சின்னப் பெட்டியை, திறந்தார். ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு. சர்வீஸ் புத்தகம், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், கூடவே 23 ஜி.ஆர்.வி. தாள்கள். மிகப் பழையது ஐந்து மாதத்துக்கு முந்தையது, காபிக் கறை பட்டு எண் பாதி அழிந்திருந்தது.

திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "அண்ணா, திரும்பி வரும்போது ஆபீஸ் பூட்டியிருக்கும். காலையில் நான் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறேன். இதை யாரிடம் கொடுப்பது என்று யாரும் சொல்லவில்லை" என்றார். உண்மை. ஆபீஸ் எட்டரைக்குத் திறந்து நாலரைக்கு மூடுகிறது. டிரைவரும் டெப்டர்ஸ் அம்மாவும் இரண்டு வருஷமாக ஒரே கம்பெனியில் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. வெண்டர் காட்டிய படத்தில் இந்த இடத்தில் ஒரு அம்புக்குறி நேராகப் போயிருந்தது.

இப்போதைக்குச் செய்தது: கிடங்குக் கதவில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று, இரண்டு மசாலா டின்னை வெட்டி வெல்டர் செய்து கொடுத்தார். முத்திரை விழுந்த நிமிஷமே கடை வாசலில் நின்று போட்டோ எடுத்து ஒரு வாட்ஸ்ஆப் எண்ணுக்கு அனுப்ப வேண்டும், டேட்டா காசு கம்பெனி கணக்கில். கோடர் சொன்ன பவர் ஆட்டோமேட்டில் கிளெய்ம் ஒப்புதல் மட்டும் ஓடுகிறது, ஏழு பேர். டெப்டர்ஸ் அம்மாவின் பேத்தி பல்கலைக்கழக விடுமுறையில் வந்து உட்கார்ந்து கட்டிக் கொடுத்தாள், 6,000 ரேண்ட் கொடுத்தோம். முதல் வாரம் நினைவூட்டல் எல்லாம் எனக்கே வந்து விழுந்தது, அது வேறு கதை.

வெண்டர் வியாழக்கிழமை திரும்பக் கூப்பிடுகிறார். முதலாளி, "இப்போது வேண்டாம் என்று சொல்லாதே, ஏழு பேருக்கு ரேண்டில் விலை கேள், ஒரு வருஷம்தான் என்று சொல்" என்கிறார். கூரை விஷயத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மாரிட்ஸ்பர்க்_தோல் எழுதியது:

நல்லது தம்பி. அந்த டிரைவரை அடுத்த தடவை வெண்டர் வரும்போது கூட உட்காரவையுங்கள். சம்பளத்தோடு.

லெனேஷியா_அக்கா எழுதியது:

வாட்ஸ்ஆப் யாருடைய சொந்தப் போனில் இருக்கிறது? கம்பெனி போனாக மாற்றுங்கள், ஆள் போனால் ஆதாரமும் போய்விடும். கடைக்காரர் கையெழுத்தும் பெயரும் போட்டோவில் இருப்பதால் போப்பியா சட்டமும் (தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) இருக்கிறது, யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பது என்று ஒரு பக்கம் எழுதி வைத்துவிடுங்கள். அந்த 23 தாளில் எத்தனைக்குக் கடைக்காரர்கள் பணம் திருப்பினார்கள்?

டர்பன்_பருப்பு எழுதியது:

இதுவரை 16 அக்கா. இரண்டு கடை, கிளெய்ம் காலக்கெடு தாண்டிவிட்டது என்று மறுத்துவிட்டது. மீதிக்கு நாளைக் காலை பீனிக்ஸ் போகிறேன், ஐந்து மணிக்கு, அதே வண்டியில்.